காடி சேர்க்காத இறால்

கூரியர் ஆபீஸ் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. இசக்கியப்பன் அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார், இப்போ வந்துருவார், உட்காருங்க என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் சொன்னாள். ஜெனோவா வாசலில் கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டோவிலிருந்து இறக்கிய இரண்டு அட்டைப்பெட்டிகளையும் வெயில் படாமல் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். உள்ளே இறால் தொக்கு. கடைசி பாட்டிலுக்கு மூடியைத் திருகி, ஈரத்துணியால் துடைத்து, லேபிள் ஒட்டிவிட்டு நேராகக் கிளம்பி வந்திருந்தாள். விரலிடுக்கில் பூண்டு வாசம் போகவில்லை. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையை அதிரவைத்துப் போயின. ஒவ்வொரு அதிர்வுக்கும் பெட்டிக்குள் கண்ணாடி லேசாகக் கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் வழக்கமாக அவளுக்குப் பிடிக்கும். தன் பெயர் ஒட்டிய பாட்டில்கள் ஊர் ஊராகப் போகிற சத்தம். இன்றைக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. காலையில் சென்னையிலிருந்து தாரணி அனுப்பியிருந்த மெசேஜ்தான் காரணமாக இருக்கும். மாதம் தவறாமல் வாங்குகிற பெண். அக்கா, இந்தத் தடவை ஆர்டர் வேண்டாம், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கோம், எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்கறாங்க, ஒரு கண் இமை தொங்கிப்போச்சு, தண்ணிகூட முழுங்க முடியல, டாக்டருங்க பாத்துட்டிருக்காங்க என்று எழுதியிருந்தாள். ஜெனோவா இறாலை வதக்கிக்கொண்டே கரண்டி பிடிக்காத கையால், ஜெபம் பண்ணுகிறேன் தாரணி என்று பதில் போட்டாள். கூடவே கைகூப்பும் படம் ஒன்று. ஜெபம் பண்ணவில்லை. அடுப்பில் எண்ணெய் பிரிகிற நேரம், அதைப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போதாவது ஒரு அருள்நிறை மரியே சொல்லலாம் என்று தொடங்கினாள், பாதியில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. சரி, வெட்டியாக இருப்பதற்குப் பாடத்தையாவது முடிக்கலாம் என்று போனைத் திறந்தாள்.

அந்த இணையதளம் போனில் எப்போதும் திறந்தே கிடக்கும். வெளிநாட்டில் எங்கோ, பனி பெய்கிற ஊரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் தளம். சிறுதொழில் செய்கிறவர்களுக்காக இலவசமாகப் பாடம் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் வேண்டுமானாலும் என்ற அந்த வார்த்தையை முதல் நாள் எத்தனை முறை வாசித்திருப்பாள். பிளஸ் டூவோடு நின்றவள் படிக்கலாமா, கரண்டி பிடிக்கிறவள் படிக்கலாமா, யாரும் வந்து எழுந்துபோகச் சொல்ல மாட்டார்களா. கல்லூரிக்குப் போன கூட்டாளிகள் ஜெபமாலைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது அவள் எழுந்துபோய் டம்ளர் கழுவிய வருஷங்கள் உண்டு. இந்தத் தளத்தில் யாரும் அவளிடம் மார்க் கேட்கவில்லை. கழுத்தில் ஊதாத் துணி சுற்றிய, நரைத்த தலை அம்மா ஒருவர் வந்து, இறால் உரிக்கிறவளைப் பார்த்தே பேசுவது போலப் பேசினார். அவருடைய இங்கிலீஷ் முதலில் ஓடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கீழே எழுத்து வரவைக்கலாம் என்று மகள் ஷைனி காட்டிக்கொடுத்தாள். பிறகு எழுத்தைத் தமிழாக்கவும் வழி கண்டுபிடித்தாள். அந்தத் தமிழ் கல்லைக் கடித்த மாதிரி இருக்கும், ஆனாலும் விளங்கும். மீன் கழுவும்போது, துணி மடிக்கும்போது, காதில் அந்த அம்மாதான். கணவர் ரெமிஜியுஸ், உப்பளத்து லாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும், டீச்சர் வந்துட்டாங்களா, நான் வெளிய நிக்கட்டுமா என்பார். கேலிதான், ஆனால் வெளியே போய் நண்பர்களிடம் என் வீட்டுக்காரி பாரின் யுனிவர்சிட்டியில் படிக்கிறாள் என்று சொல்லுவதும் அவர்தான். படிக்கிறாளா, பார்க்கிறாளா. அந்த வித்தியாசத்தை அவள் திருத்தியதில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பேச வரச்சொல்லி அழைப்பு வந்தபோதும் திருத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் பயின்ற தொழில்முனைவோர் என்று அவர்கள் போட்டிருந்ததைப் பார்த்து உடம்பு கூசியது, அதே நேரம் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸிலும் வைத்தாள். அந்தக் கூட்டத்தில் காட்டத்தான் சான்றிதழ் வேண்டும். எல்லாப் பாடத்தையும் முடித்தால்தான் சான்றிதழ் தருவார்கள். இடது ஓரத்தில் வரிசையாக இருந்த தலைப்புகளில் விலை வைப்பது முடிந்துவிட்டது, லேபிள் வடிவமைப்பு முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் மனசு இரண்டு தடவை பார்த்தாயிற்று, ஒன்றே ஒன்று பாக்கி. உணவுப் பாதுகாப்பு. அதை முதலிலிருந்தே தாண்டித்தாண்டிப் போனாள். அடுப்படி விஷயத்தை எனக்கு யார் சொல்லித் தருவது. அதில் ஊதாத் துணி அம்மாவும் கிடையாது, படமும் கிடையாது, வெறும் எழுத்து. கைகழுவு, தரையைத் துடை என்றுதான் இருக்கும். போய்த் தொட்டுவிட்டு முடித்தேன் என்று குறி போட்டுவிடலாம் என்றுதான் இப்போது திறந்தாள்.

கைகழுவு என்று இல்லை. அமிலம் குறைந்த உணவை எண்ணெயில் மூழ்கவைத்துக் காற்றுப் புகாமல் அடைப்பவர்களுக்கு என்று தொடங்கியது. கல்லைக் கடித்த தமிழ்தான், ஆனால் முதல் வரியே தன் அடுப்படிக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. மீன், இறால், இறைச்சி, பூண்டு. வரிசை அவள் சட்டியின் வரிசை. மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் இருக்கிற ஒரு கிருமியின் வித்து கொதிக்கிற நீரில்கூடச் சாகாது, காற்றில்லாத இடத்தில் அது முளைக்கும், முளைத்தால் நஞ்சு விடும், அந்த நஞ்சுக்கு வாசம் கிடையாது, ருசி கிடையாது, பார்த்தால் தெரியாது. எண்ணெய் பாதுகாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், எண்ணெய் காற்றைத் தடுக்கிறது, அதுதான் ஆபத்து. இதை இரண்டு முறை வாசித்தாள். ஒரு விரற்கடை எண்ணெய் மேலே நிற்கணும், அப்பதான் கெடாது என்று எத்தனை பேருக்கு அவளே வீடியோ போட்டுச் சொல்லியிருக்கிறாள். போதுமான புளிப்பு இருந்தால் வித்து முளைக்காது, அதற்காகத்தான் வினிகர் சேர்ப்பது, புளிப்பை அளக்கும் எண் நாலு புள்ளி ஆறுக்குக் கீழே இருக்க வேண்டும், அளந்து பார்க்காமல் விற்கக் கூடாது. வினிகர். அம்மா வீட்டில் அதைக் காடி என்பார்கள், அவர்கள் கடற்கரையில் காடி ஊற்றாத ஊறுகாயே கிடையாது, சட்டியில் காடி விழுந்ததும் கண்ணில் நீர் வரும், தெருவே தும்மும். அவளும் முதலில் காடி ஊற்றித்தான் போட்டாள். அதை எடுத்துவிட்டது இந்தப் பாடத்தைக் கேட்டுத்தான். இல்லை, இந்தப் பாடத்தை இல்லை, ஊதாத் துணி அம்மாவின் பாடத்தை. உங்கள் பொருளில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள், என்ன இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டிலும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். சென்னைக்காரர்கள் காடி வாசம் மூக்கில் ஏறுகிறது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியானால் அதுதான். வினிகர் இல்லை, ரசாயனம் இல்லை, அம்மா கைமணம் மட்டும். பச்சை எழுத்தில் அச்சடித்து வந்தபோது லேபிளை முகர்ந்துகூடப் பார்த்தாள். அந்த லேபிளுக்குப் பிறகுதான் ஆர்டர் குவிந்தது. பெட்டிக்குள் இப்போது அத்தனை பாட்டிலிலும் அந்தப் பச்சை எழுத்துதான். அறிகுறிகள் என்று ஒரு தலைப்பு வந்தது. கட்டைவிரல் தானாகத் தள்ளிக்கொண்டே போனது. கண் இமை தொங்குதல். பொருட்கள் இரண்டாகத் தெரிதல். விழுங்க இயலாமை. பேச்சுக் குளறல். மூச்சு. மூச்சுக்கு அப்புறம் எழுதியிருந்ததை அவள் வாசிக்கவில்லை.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். திரும்பவும் எடுத்தாள். தாரணியின் மெசேஜையும் அந்தப் பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், ஏதோ ஒரு வார்த்தையாவது பொருந்தாமல் போய்விடாதா என்று. ரெண்டு ரெண்டாத் தெரியுது. இரண்டாகத் தெரிதல். முழுங்க முடியல. விழுங்க இயலாமை. இல்லை, அவசரப்படாதே. எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரெமிஜியுஸ் தினமும் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார். ஆனால் வீட்டில் சாப்பிடுவது அன்றன்றைக்கு வதக்கியது, பாட்டிலில் அடைத்து வாரக்கணக்கில் வைத்தது கிடையாது. பாட்டிலை வெந்நீரில் போட்டுத்தானே எடுக்கிறேன். கொதிக்கிற நீரில்கூடச் சாகாது. புளி கொஞ்சம் சேர்க்கிறேனே. கொஞ்சம் என்றால் எவ்வளவு, அளந்தாயா. அளக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த நாக்கை வைத்துத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பினாய். வயசானவர்களுக்கு இமை தொங்குவது சகஜம், சர்க்கரை இருந்தால் கண் மங்கும், அந்த அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்று தாரணி எப்போதோ சொன்ன ஞாபகம். சொன்னாளா, இல்லை வேறு யாராவதா. அந்த அம்மாவை ஒரே ஒரு முறை வீடியோ காலில் பார்த்திருக்கிறாள். சுகந்தி அம்மா. வட்டமான முகம், பெரிய மூக்குத்தி, நீ அனுப்புறதுதான்டி எனக்கு ஒரு வாய் சோறு எறங்க வைக்குது என்று வாஞ்சையாகச் சொன்னார். எறங்க வைக்குது. இப்போது தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டர்களுக்குத் தெரியாது, அவர்கள் மூளையைப் படம் எடுப்பார்கள், இதயத்தைப் பார்ப்பார்கள், இறாலைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள். தெரிந்தவள் ஒருத்திதான் உலகத்திலேயே. இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் என்ன ஆகும். போலீஸ் வருமா, அதிகாரிகள் வந்து அடுப்படியைப் பூட்டுவார்களா, தெருவில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், பாரின் யுனிவர்சிட்டிக்காரி என்று சிரிப்பார்கள். ஷைனி ஹாஸ்டலில் தன் தோழிகளுக்கெல்லாம் பாட்டில் கொடுத்திருக்கிறாளே. கடவுளே, ஷைனி. அந்த நினைப்பு வந்ததும் இவ்வளவு நேரம் தாரணியின் அம்மாவை நினைத்துப் பயந்தது அந்த அம்மாவுக்கான பயமே இல்லை, தன்னை நினைத்துப் பட்ட பயம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. சுகந்தி அம்மாவின் மூச்சுக்கு முன்னால் தெருக்காரர்களின் ஜன்னல் வந்து நின்றிருக்கிறது. இதே தளத்தில்தான் இருந்தது, இதே இடது ஓரத்தில், பூட்டில்லாமல், காசு கேட்காமல். லேபிளுக்கு என்ன நிறம் என்று பார்க்க வந்த நாளெல்லாம் இதைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். ஊதாத் துணி அம்மாவைக் குறை சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் மனம் பார்த்தது. அவர் வினிகரை எடுத்துவிடச் சொல்லவில்லை. எது இல்லை என்று சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். எடுத்தது இவள். வேண்டியதைக் கேட்டுக்கொண்டாள், வேண்டாததைத் தாண்டிப் போனாள், அதற்குப் படிப்பு என்று பெயர் வைத்து ஸ்டேட்டஸில் போட்டாள். அப்புறம் கூப்பிடலாம், அவர்கள் ஆஸ்பத்திரி அலைச்சலில் இருப்பார்கள், சாயங்காலம் கூப்பிடலாம், ரெமிஜியுஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. மூச்சு என்று எழுதியிருந்ததே. சாயங்காலம் வரை மூச்சு இருக்குமா. தாரணியின் பெயரை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தபோது கை பெஞ்சைப் பிடித்திருந்தது.

தாரணி உடனே எடுத்தாள். பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளுகிற சத்தம். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஜெனோவா கேட்டாள். தன் குரல் எப்போதும்போல இருந்தது அவளுக்கே விநோதமாக இருந்தது. தாரணி சொல்லிக்கொண்டே போனாள், நேற்று காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கியது, முதலில் கண்ணாடிப் பவர் மாறிவிட்டது என்று நினைத்தார்கள், பிறகு வாய் குழறியது. ஜெனோவாவால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மா அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார்கள், நான் அனுப்பிய தொக்கைச் சாப்பிட்டார்களா என்று குறுக்கே கேட்டுவிட்டாள். கேட்டபிறகு பதில் வருவதற்குள் ஒரு லாரி போனது. அந்த லாரி போய் முடியவே இல்லை போலிருந்தது.

"இல்லக்கா, போன தடவை அனுப்புனத இன்னும் திறக்கவே இல்ல. சித்தப்பா குடும்பம் ஊர்லருந்து வர்றாங்க, அவங்க வந்தப்புறம் எடுக்கலாம்னு வச்சிருந்தாங்க. இப்பப் பாருங்க, எப்படி ஆயிடுச்சுன்னு."

அதற்கு முந்தைய பாட்டில் என்று ஜெனோவா இழுத்தாள். அது எப்போதோ தீர்ந்துபோச்சுக்கா, மாசம் ஆகப்போகுது என்றாள் தாரணி. பிறகு, இப்போதுதான் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்ட்ரோக்குதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள், மருந்து ஏற்றியிருக்கிறார்கள், பேச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம் என்று சொல்லி அழத் தொடங்கினாள். அந்த அழுகை காதுக்குள் வந்துகொண்டிருக்கும்போதே ஜெனோவாவின் நெஞ்சுக்குள் ஒன்று அவிழ்ந்தது. சந்தோஷம். வேறு பெயரே கிடையாது அதற்கு. ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக்குதான். நான் இல்லை. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டதோ என்று உள்ளங்கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். வந்திருந்தது. எதிரே டீக்கடையில் ஒருவர் அவளைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தார், நல்ல செய்தி போல என்று நினைத்திருப்பார். தாரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொந்தக்காரங்ககூட மெசேஜோட நிறுத்திக்கிட்டாங்கக்கா, நீங்க எங்கயோ தூத்துக்குடியில இருந்துட்டு, அம்மா என்ன சாப்பிட்டாங்கன்னு வரைக்கும் கேக்குறீங்க, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை, தைரியமாக இரு, ஜெபம் பண்ணுகிறேன் என்றாள் ஜெனோவா. சொல்லிவிட்டு வைத்தும்விட்டாள்.

வைத்த பிறகு உடம்பு முழுக்க வேர்த்தது. ஒரு அம்மாவுக்குப் பேச்சே போயிருக்கிறது, மகள் அழுகிறாள், நான் சிரித்தேன். நன்றி வேறு வாங்கிக்கொண்டேன். தலையை முட்டியில் கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் எதிரே டீக்கடைக்காரர்கள். சிரித்தது வேறு யாரோ என்பதுபோல வாயை முந்தானையால் துடைத்தாள். சரி, பயந்துபோயிருந்தோம், பயம் விட்டதும் யாருக்கும் அப்படித்தான். யாருக்கும் அப்படித்தானா. ஒருவேளை ஊதாத் துணி அம்மாவின் தளத்தில் இதற்கும் ஒரு பாடம் இருக்கும், வாடிக்கையாளர் வீட்டுத் துக்கத்தில் எப்படிப் பேசுவது என்று. இதற்குள் இசக்கியப்பன் பல் குத்திக்கொண்டே வந்து ஷட்டரை மேலே தள்ளினார். என்னம்மா ரொம்ப நேரமா, வாங்க, ரெண்டு பெட்டியா, எடையப் போட்டுருவோம் என்று முதல் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு இதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்நேரம் ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இந்த ஒரு தடவை அனுப்பிவிட்டு அடுத்த தடவையிலிருந்து காடி ஊற்றலாம், லேபிளை மாற்றலாம், புதிய மேம்பட்ட சுவை என்று போடலாம். அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது பார். வாடிக்கையாளர் மனசு இரண்டு தடவை படித்தவள் அல்லவா. அனுப்பாதீங்கண்ணே என்று அவள் வாய் சொன்னது. இசக்கியப்பன் ஏன், அட்ரஸ் தப்பா என்று கேட்டார். சரக்கு சரியில்லை என்றாள். நல்லாத்தான பேக் பண்ணியிருக்கு என்று அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே பார்த்தாத் தெரியாதுண்ணே என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, பெட்டியைத் தராசிலிருந்து இறக்கித் தந்தார்.

பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. தாரணி வீட்டில் அந்தப் பாட்டில் இருக்கிறது. திறக்காமல், காற்றில்லாமல், ஒரு மாதமாக. சித்தப்பா குடும்பம் வருகிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற வீட்டில் யார் குழம்பு வைப்பார்கள், சோறு மட்டும் வடித்து ஒரு பாட்டிலைத் திறப்பார்கள். குழந்தைகள் இருக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டாள், தனக்கு வேண்டியது கிடைத்ததும் வைத்துவிட்டாள். தூக்கிப் போட்டுவிடுங்கள் என்ற ஒரு வார்த்தை அவள் நாக்கில் வரவே இல்லை. பாடத்தைத் தாண்டிப் போன அதே கட்டைவிரல்தான் போனையும் வைத்திருக்கிறது. இப்போது இன்னொரு முறை கூப்பிட வேண்டும். முதல் முறை கூப்பிட்டது எளிது என்று இப்போது தெரிந்தது, முதல் முறை பயம் தள்ளிவிட்டது. இப்போது தள்ள எதுவும் இல்லை. மெசேஜ் போட்டால் என்ன. எழுதிப் பார்த்தாள். அன்பு வாடிக்கையாளரே, தரத்தை மேலும் உயர்த்தும் பொருட்டு. அழித்தாள். தாரணி, அந்தப் பாட்டிலில் ஒரு சின்னக் குறை. சின்ன என்பதை அழித்தாள், பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். ஆஸ்பத்திரியில் இருப்பவள் மெசேஜ் பார்ப்பாளா, சித்தப்பா வந்து திறந்த பிறகு பார்ப்பாளா. அவள் என்ன நினைப்பாள். என்ன நினைப்பாள் என்று தெரியும். நினைக்கட்டும் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், அது பொய்யாக இருந்தது. நினைக்கக் கூடாது என்றுதான் உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் கெஞ்சியது. ஒரு பெண்ணாவது, எங்கோ சென்னையில், தன்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அதையும் தன் கையால் எடுத்து வெளியே போட வேண்டுமா. வேண்டும். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்தாள், நினைத்ததற்கும் கூசினாள். தாரணி எடுத்தாள்.

ஜெனோவா நேராகச் சொன்னாள். அந்தப் பாட்டிலை யாரும் திறக்க வேண்டாம். மூடியோடு ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், நாய் பூனைக்கும் வைக்க வேண்டாம். வினிகர் சேர்க்காமல் போட்டது தப்பு, அதில் விஷம் உண்டாகலாம், பார்த்தால் தெரியாது, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும், எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. மூச்சு விடாமல் சொல்லி நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் சத்தம் இல்லை. தாரணி வெளியே எங்கோ வந்து நிற்கிறாள் போல.

"அந்த விஷம் உள்ள போனா என்ன ஆகும்க்கா?"

"கண்ணுக்கு எல்லாம் ரெண்டாத் தெரியும். முழுங்க முடியாது."

தாரணி இரண்டையும் கூட்டிப் பார்க்கிறாள் என்று ஜெனோவாவுக்குத் தெரிந்தது. போனை வைத்துவிடக் கை பரபரத்தது. அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அதுக்குத்தான் மொதல்ல கூப்பிட்டீங்களா?"

அப்படியில்லை, அம்மாவைப் பற்றியும் கவலைதான் என்று ஒரு வாக்கியம் தயாராக, மடிப்புக் கலையாமல் வந்து நின்றது. அதில் பொய்கூடப் பாதிதான்.

"ஆமா தாரணி," என்றாள். "அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

தாரணி திட்டவில்லை. டாக்டரிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை. தொடர்பு அறுந்த பிறகும் ஜெனோவா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெயில் நகர்ந்து பெஞ்சின் பாதிவரை வந்திருந்தது. முகம் எரிந்தது, அது வெயிலா என்று தெரியவில்லை. மாதர் சங்கக் கூட்டம், சான்றிதழ், ஸ்டேட்டஸ், எல்லாம் வந்து ஒவ்வொன்றாகக் காதுமடலைச் சுட்டுவிட்டுப் போயின. ரெமிஜியுஸிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும், அவர் கேலி பண்ணினால்கூடத் தேவலை, பண்ண மாட்டார். இன்னும் எத்தனை வீடுகளில் பாட்டில் திறக்காமல் இருக்கிறதோ, எத்தனை வீடுகளில் பாதி தீர்ந்து அலமாரியில் இருக்கிறதோ. ஒவ்வொருவரும் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகிவிடக் கூடாது என்றும் நினைத்தாள். முதலில் யார் என்று விரல் தடுமாறியது, மேலேயிருந்து வரிசையாகப் போய்விடலாம் என்று தோன்றியது, பிறகு அது வேறெங்கும் போகாமல் மகளின் பெயரில் போய் நின்றது. ஷைனி வகுப்பில் இருப்பாள். அம்மா பாரின் பாடம் படித்துத் தொழில் செய்கிறாள் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறவள். ஜெனோவா அழுத்தினாள். என்னம்மா, கிளாஸ் நடக்குது, அவசரமா என்று ஷைனி கிசுகிசுத்தாள்.

"வெளிய வா," என்றாள் ஜெனோவா. "அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன். சொல்லுதேன், கேளு."